மூக்கில் வைக்கும் எடை



கோபுரம் கட்ட நினைப்பவர் முதலில் உட்கார்ந்து கணக்குப் பார்க்க வேண்டும் என்று ஆண்டவர் சொன்னதை, லூக்கா நற்செய்தி 14-ஆம் அதிகாரத்தில் இப்போது கேட்டோம். கணக்கு என்றதும் நமக்குப் பணம்தான் நினைவுக்கு வருகிறது. கட்டி மூடுவதற்கு முன் உள்ளே என்ன வைக்கிறோம் என்பதும் அந்தக் கணக்கில் உண்டு.

நம் காளப்பநாயக்கன்பட்டித் தம்பி ஒருவர் மாருத் போர் விமானத்தின் மாதிரியைச் செய்து முடித்திருக்கிறார். 72-இல் ஒரு பங்கு அளவு. ஏறக்குறைய 16 மீட்டர் நீள விமானம் ஒரு சாணுக்குள் அடங்கிவிட்டது. துண்டுகளை ஒட்டிச் செய்யும் கிட் அது, எளிதில் கூடிவராது. உடற்பகுதியின் இரண்டு பாதியும் ஒன்றோடொன்று பொருந்தாது. இடுக்கில் பட்டி பூசி, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மறுபடி பட்டி பூச வேண்டும்.

ஆனால் அவர் அதிக நேரம் செலவிட்டது வெளியே தெரியாத இடத்தில். மாருத்துக்கு முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு. மாதிரியின் மூக்கில் எடை இல்லாவிட்டால் முன்சக்கரம் தூக்கிக்கொண்டு வால் தரையில் உட்கார்ந்துவிடும். அதனால் உடற்பகுதியை ஒட்டுவதற்கு முன்பே, தூண்டிலுக்குக் கட்டும் ஈயக்குண்டுகளை மூக்குக்குள் வைத்துப் பசை போட்டு, சக்கரம் ஊன்றி நிற்கிறதா என்று பார்த்தார். பிறகுதான் மூடினார். நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைக்குப் போகிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. தகடு அடித்த பிறகு உள்சட்டத்தைத் தொட முடியாது.

நிஜ மாருத்தின் வரலாறும் நற்செய்தியின் கோபுரத்துக்கு அருகில் நிற்கிறது. ஜெர்மானியப் பொறியாளர் குர்ட் டாங்க் 1956-இல் பெங்களூருக்கு வந்து அதை வடிவமைத்தார். உலோகத்தில் செய்வதற்கு முன், அதே அளவில் மரத்தில், இன்ஜின் இல்லாத கிளைடராகச் செய்து 1959-இல் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். எவ்வளவு பொறுமை! 1961 ஜூன் 17 அன்று விமானி சுரஞ்சன் தாஸ் நிஜ விமானத்தை வானில் ஏற்றினார். உடல் அருமையாக அமைந்தது. அதற்கென்று நினைத்திருந்த வலுவான இன்ஜினோ வரவில்லை. அதை மேம்படுத்தும் செலவை ஏற்பார் இல்லை. எண்ணிய வேகத்தை மாருத் கடைசிவரை தொடவில்லை. உழைத்தவர்களை நான் குறைசொல்லவில்லை. அவர்களை நினைத்தால் மனம் கனக்கிறது.

பெற்றோரே, ஒட்டுவதற்கு முந்தைய அந்த மாதிரி விமானத்தைப் போல, உங்கள் பிள்ளைகள் இன்னும் மூடப்படாத வயதில் இருக்கிறார்கள். ஃபீஸ் கட்டுகிறோம், டியூஷன் அனுப்புகிறோம். சேர்ந்து செபிப்பதையும், தவறு செய்தால் மன்னிப்புக் கேட்பதையும் நம் வீட்டிலேயே அவர்கள் பார்க்கிறார்களா? திருமணத்துக்கு நாள் குறித்திருப்பவர்களே, மண்டபமும் பத்திரிகையும் பேசி முடித்தாயிற்று. கோபம் வந்தால் ஒருவரையொருவர் எப்படி நடத்துவீர்கள் என்று இருவரும் உட்கார்ந்து பேசினீர்களா?

எங்களுக்கு வயதாகிவிட்டது, எல்லாம் மூடியாயிற்று என்று சிலர் வருந்தலாம். எடை வைக்க மறந்த மாதிரிக்கும் வழி உண்டு என்கிறார் அந்தத் தம்பி. அடியில் சிறு துளை போட்டு, குண்டுகளை உள்ளே தள்ளி, பசை ஊற்றி, துளையை அடைத்து, மறுபடி பெயிண்ட் அடிக்க வேண்டும். துளை போடும்போது கை நடுங்குமாம். நம்மைத் திறந்து காட்டவும் அப்படித்தான் பயமாக இருக்கும். சனிக்கிழமை மாலை ஒப்புரவு அருட்சாதனத்துக்காகக் கோவிலில் உட்கார்ந்திருப்பேன். எத்தனை வருடம் கழித்து வந்தாலும் சரி, வாருங்கள்.