யார் இறங்க வேண்டும்?

எங்க நைனா செய்யாறு பக்கத்துச் சேரி ஒன்றிலிருந்து முத்தாபுதுப்பேட்டைக்கு வந்தவர். ஊரில் அவருக்கு ஒரு பழைய சைக்கிள் இருந்தது. ஊர்த்தெரு முனை வந்ததும் இறங்கிவிடுவார். தெருவைத் தாண்டும் வரை தள்ளிக்கொண்டே போக வேண்டும். செருப்பு ஹேண்டில்பாரில் தொங்கும். "மழ கொட்டுனாலும் எறங்கித்தான்டா ஆவணும்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அந்தச் சிரிப்பு என்னவென்று புரிய எனக்கு ரொம்ப நாளானது.

1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. பிறகு அம்பத்தூர் தொழிற்பேட்டை. வேலை இருந்த பக்கம் சனம் வந்தது. நைனாவும் ஒப்பந்தக் கூலியாக வந்தார். "இங்க எவனும் எறங்குன்னு சொல்ல மாட்டான்." நகரத்தைப் பற்றி அவர் சொன்ன ஒரே புகழ்ச்சி இதுதான்.

அவருக்கு ஐம்பத்தெட்டு வயதிருக்கும்போது, விடியற்காலை ஷிப்டுக்குப் போனவரை ஒரு லாரி தட்டிவிட்டுப் போய்விட்டது. இடுப்பெலும்பு முறிந்தது. பிழைத்துக்கொண்டார். மறுபடி சைக்கிளை எடுத்த அன்று, பெரிய ரோடு வந்ததும் இறங்கினார். மண்ணோரமாகத் தள்ளிக்கொண்டு நடந்தார். பார்த்த எனக்கு வயிறு எரிந்தது. "இங்க யாரு நைனா எறங்கச் சொன்னா?" என்றேன். "யாரும் சொல்லல. அதாண்டா கஷ்டமா கீது" என்றார்.

இதை ஒரு கூட்டத்தில் சொன்னேன். ஒரு நண்பர் கேட்டார்: "லாரிக்குச் சாதி தெரியுமா தோழர்? எல்லாத்தையும் கொண்டுபோய் சாதியிலேயே முட்டாதீங்க." நியாயமான கேள்வி. அதை ஒதுக்கிவிட்டுப் போக முடியவில்லை.

நமக்குச் சாலை என்பது போராடி வாங்கிய பொருள். 1893இல் அய்யன்காளி தடையை மீறி வில்லுவண்டி ஓட்டியது சாலை உரிமைக்காக. 1924இல் வைக்கத்தில் நடந்ததும் கோயிலுக்குள் போகும் போராட்டமல்ல, கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் போராட்டம். அதே 1924இல் பொதுச்சாலையும் கிணறும் எல்லோருக்கும் உரியவை என்று சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்தார். அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவு சாலை என்ற சொல்லையே எடுத்துச் சொல்கிறது. அப்படியும் உத்தபுரத்தில் 1989இல் எழுந்த சுவரில் ஒரு பகுதியை இடிக்க 2008 ஆயிற்று.

அங்கெல்லாம் எதிரே ஒரு பகை நின்றது. அதற்கு முகம் இருந்தது. நைனாவை இடித்த லாரிக்காரனுக்கு அவர்மேல் பகை இல்லை. அப்படியானால் பகை இல்லாத இடத்தில் அநீதியும் இல்லையா?

சாலை மழைபோல வானத்திலிருந்து விழுவதில்லை. யாரோ கோடு போடுகிறார்கள். முதலில் வண்டிக்கு அளக்கிறார்கள், பிறகு கால்வாய்க்கு. மிஞ்சினால் மனுசனுக்கு. நடைபாதை குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும் என்று இந்திய சாலைக் காங்கிரசின் விதியே இருக்கிறது. போக்குவரத்துச் செலவில் குறைந்தது 60 விழுக்காட்டை நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் ஒதுக்குவோம் என்று 2014இல் சென்னை மாநகராட்சி கொள்கையே எழுதியது. நடைபாதை, உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று 2025இல் உச்சநீதிமன்றம் சொன்னது. காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. காகிதத்துக்கும் தெருவுக்கும் உள்ள தூரம் நம்மைவிட யாருக்குத் தெரியும்?

2022இல் மட்டும் இந்தியச் சாலைகளில் நடந்துபோன 32,825 பேர் செத்தார்கள். அரசுக் கணக்குதான். இதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் விபத்து. 'விதி', 'தலையெழுத்து' என்ற சொற்கள் செய்த வேலையைத்தான் இந்தச் சொல்லும் செய்கிறது: யாரும் பொறுப்பில்லை. 1997இல் சுவீடன் நாடாளுமன்றம் வேறு மாதிரி யோசித்தது. சாலையில் ஒரு சாவும் ஏற்கத்தக்கதல்ல, மனிதன் தவறு செய்யத்தான் செய்வான், அந்தத் தவறு சாவாக முடியாதபடி சாலையை அமைப்பது அமைத்தவர் பொறுப்பு என்றது. வண்டி 30 கிலோமீட்டர் வேகத்தில் மோதினால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். வேகம் ஏற ஏறச் சாவு ஏறுகிறது. தெரிந்தே வேகத்துக்கு வழி விட்டால் அது விபத்தா?

இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஊர்த்தெரு நைனாவின் மனசை உடைத்தது. பெரிய ரோடு இடுப்பை உடைத்தது. முதலாவதில் ஒருவன் பெருமை அடைந்தான். இரண்டாவதில் ஒருவனுக்குப் பத்து நிமிசம் மிச்சமானது. ஆனால் யாருடைய உடம்பு ஒதுங்க வேண்டும் என்ற கணக்கு இரண்டிலும் இருக்கிறது. ஒப்பந்தக் கூலி, துப்புரவுத் தொழிலாளி, வீட்டுவேலைக்குப் போகும் அம்மா: விடியற்காலையில் ரோட்டோரம் நடப்பவர்கள் யார் என்று ஒரு நாள் நின்று பாருங்கள். லாரிக்குச் சாதி தெரியாது. ரோட்டோரத்துக்குத் தெரியும்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. 2019இல் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை வந்தது. நல்லது. அது கடைவீதிக்கு முதலில் வந்து, ஆவடிக்குப் பின்னால் இருக்கும் குடியிருப்புக்கு ஏன் கடைசியாக வருகிறது என்று கேட்க வேண்டும். நடைபாதை போடுகிறோம் என்று பூக்காரம்மாவைத் துரத்தினால் அதையும் எதிர்க்க வேண்டும். நடப்பவருக்கும் விற்பவருக்கும் சேர்த்துத்தான் தெரு.

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தது. பிறகு அரசே பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச சைக்கிள் கொடுத்தது. கொடுத்த சைக்கிளை ஓட்ட இடம் கொடுக்கவில்லை.

நைனா இப்போது இல்லை. என் மகளுக்குப் பள்ளியில் சைக்கிள் கொடுத்தார்கள். அவள் பின்னாலேயே போகிறேன். பெரிய ரோடு முனை வந்ததும் "எறங்கு, எறங்கு" என்று கத்துகிறேன். கத்துவது நான்தான்.