இளைத்த பிறகு

ஜாக்கெட் தைக்கக் கொடுத்தால் எங்கள் தெரு டெய்லர் அக்கா ஒன்றும் கேட்க மாட்டார். அளவு ஜாக்கெட்டைப் புரட்டிப் பார்ப்பார். பக்கவாட்டில் கொஞ்சம் துணியை உள்ளே விட்டு, வரிசையாக மூன்று தையல் போட்டுக் கொடுப்பார். உடம்பு போட்டால் ஒன்றைப் பிரித்து விட்டுக்கொள்ளலாம். பிள்ளை பெற்றவளுக்கும், மாதவிடாய் நின்றவளுக்கும், தைராய்டுக்காரிக்கும் அதே ஏற்பாடுதான். உடம்பு ஓர் அளவில் நிற்காது என்பது அவருடைய தொழிலறிவு. சுடிதார் கடையிலோ நாம் வாசல் ஏறும்போதே, "உங்க சைஸ் வராதுக்கா" என்று உள்ளிருந்து குரல் வந்துவிடும்.

கேலிகூடப் பழகிவிடும். பழகக் கூடாதது, நாமே நமக்குப் போட்டுக்கொள்ளும் தவணை. நல்ல பட்டுப்புடவை இளைத்த பிறகு. நீச்சல் இளைத்த பிறகு. எந்தக் கல்யாண ஆல்பத்தை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள்: குண்டான பெண்கள் பின்வரிசையில், யார் வீட்டுக் குழந்தையையாவது முன்னால் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

வாயைக் கட்ட முடியாதவர்கள் என்பதுதான் நம்மீது நிலையாக இருக்கும் குற்றச்சாட்டு. 1944–45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி 36 இளைஞர்களை அரைப்பட்டினி போட்டு ஆராய்ந்தார். கொள்கைக்காகப் போருக்குப் போக மறுத்தவர்கள் அவர்கள்; மனஉறுதிக்குக் குறைவில்லை. ஆறு மாதம், நாளொன்றுக்குச் சுமார் 1,570 கலோரி. உடல் எடையில் கால்வாசி போயிற்று. கூடவே வேறு நினைப்பும் போயிற்று. சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படித்தார்கள், தட்டை நக்கினார்கள். பிறகு வேண்டிய மட்டும் சாப்பிட விட்டபோது, பலருக்குப் பழைய அளவையும் தாண்டிக் கொழுப்பு ஏறியது. பட்டினியைக் கண்ட உடம்பு அப்படித்தான் சேமிக்கும். இன்று நம் கைக்கு வரும் டயட் சார்ட் பலவற்றில் 1,200 கலோரிதான் இருக்கிறது. இன்னொரு வேடிக்கை: நம்மையெல்லாம் அளக்கும் 'பி.எம்.ஐ.'க்கு 1972இல் அந்தப் பெயரைச் சூட்டியதும் இதே கீஸ் குழுதான்.

அடுத்த ஆண்டு, 1973இல், லாஸ் ஏஞ்சலஸில் சில பெண்கள் குண்டானவர்களின் விடுதலை அறிக்கை ஒன்றை எழுதினார்கள். எங்களை அழகு என்று சொல்லுங்கள் என்று அவர்கள் மன்றாடவில்லை. மனிதருக்குரிய மரியாதையையும் சம உரிமையையும் கேட்டார்கள். 1976இல் மிச்சிகன் மாநிலம் எடையைக் காட்டி வேலை மறுப்பதைச் சட்டத்தில் தடுத்தது. நியூயார்க் நகரம் அந்த இடத்துக்கு வர 2023 ஆயிற்று.

"அதெல்லாம் சரி, சர்க்கரை வருமே?" என்பார்கள். எடை கூடினால் சர்க்கரைக்கான வாய்ப்பும் கூடும், மறுக்கவில்லை. ஆனால் ஒரு பாக்கெட் சிகரெட் ஊதும் சித்தப்பாவின் நுரையீரலைப் பற்றிப் பந்தியில் யாரும் பேசுவதில்லை. என் இலையில் விழும் இரண்டாவது ஜாங்கிரிக்கு மட்டும் நாலு பேர் டாக்டராகிவிடுகிறார்கள். நிஜ டாக்டரிடம் முழங்கால் வலி என்று போனால், காலைத் தொடாமலே "முதல்ல வெயிட்டைக் குறைங்க" என்று சீட்டு எழுதுகிறார். அடுத்த வலிக்கு அங்கே போகத் தோன்றுமா? நோய் முற்றிய பிறகுதான் தெரியவருகிறது. அப்போதும் பழி உடம்பின் மேல்.

நான் ஆரோக்கியமாக இருக்கிறேன் என்று ரிப்போர்ட்டை நீட்டி வாதாடுவதை அதனால்தான் விட்டுவிட்டேன். நாளைக்கே எனக்குச் சர்க்கரை வரலாம். வந்தால் மாத்திரை வேண்டும், நல்ல வைத்தியம் வேண்டும். அப்போதும் மரியாதையில் ஒரு குன்றிமணி குறையக் கூடாது. மரியாதை என்பது தேறியவர்களுக்குக் கொடுக்கும் பரிசாக இருக்கும்வரை யாருடைய உடம்பும் பத்திரமில்லை, ஒல்லியானவர்களுடையதும்தான். 'உன் உடம்பை நேசி' என்ற புது உபதேசமும் எனக்கு ஒத்துவரவில்லை. அதுவும் ஒரு வீட்டுப்பாடம். சில நாள் கண்ணாடியில் என்னைப் பிடிக்காது. பிடிக்காமலே பட்டைக் கட்டிக்கொண்டு போய் முன்வரிசையில் நிற்கலாம், தடையொன்றுமில்லை.

காலையில் பூங்காவில் நடக்கிறேன். எதிரே வரும் மாமி தினமும், "எவ்வளவு குறைஞ்சிருக்கு?" என்கிறார். குறையவில்லை, காத்து நல்லா இருக்கு மாமி, அதான் வரேன் என்கிறேன். அவர் நம்புவதில்லை. நானும் நடையை நிறுத்துவதில்லை.