வெட்டாமல் விட்டதும் ஓர் அமல்தான்



ஐரோப்பாவின் மாண்டினீக்ரோ நாட்டில் பியோகிராட்ஸ்கா கோரா என்றொரு மலைக்காடு இருக்கிறது. 1,094 மீட்டர் உயரத்தில் ஓர் ஏரி. அதைச் சுற்றிலும் தொன்மையான காடு. 500 வயதைத் தாண்டிய மரங்களும் அங்கே நிற்கின்றன. 1878-இல் அந்நாட்டை ஆண்ட நிகோலா அதை வெட்டவிடாமல் காத்தார். 1952-இல் அது தேசியப் பூங்கா ஆனது.

யோசித்துப் பாருங்கள். அங்கே செல்பவர் வியப்பது எவரும் கட்டியதை அல்ல. பல தலைமுறைகள் கைவைக்காமல் விட்டதை. ஒன்றைச் செய்யாமல் விடுவது நன்மையாகுமா? சோம்பேறியும்தான் மரம் வெட்டவில்லை. வலிமையும் தேவையும் இருந்தும் அல்லாஹ்வுக்காகக் கையை இழுத்துக்கொள்பவர் வேறு. இருவரையும் பிரிப்பது நிய்யத்து. நிகோலாவின் எண்ணத்தை அல்லாஹ்வே அறிவான். நிழலோ இன்றும் எல்லோருக்கும் கிடைக்கிறது.

மதீனாவைப் புனித எல்லையாக்கிய நபி (ஸல்) அவர்கள், அதன் மரங்களை வெட்டவும் தடை விதித்தார்கள்.

நம் கைக்கு எட்டும் தூரத்திலும் தொடாமல் விட வேண்டியவை உண்டு: கேட்பாரற்ற பொது நிலம், அநாதையின் சொத்து, பிறர் நம்பி ஒப்படைத்த அமானிதம். எடுத்தால் யாரும் அறியமாட்டார்கள் என்ற இடத்தில் எடுக்காமல் இருந்தோமா? இன்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்.

அல்லாஹ் நமக்கு அந்த உறுதியைத் தருவானாக! ஆமீன்.