சேர்த்துத் தைத்த அங்கி

மேசைமேல் விரித்திருக்கும் பேட்டர்ன் ஒரு கல்லறைத் தோட்டத்திலிருந்து வந்தது. கிரீன்லாந்தின் தென்கோடியில் ஹெர்யோல்ஃப்ஸ்னெஸ். நார்ஸ் குடியேறிகள் வாழ்ந்து மறைந்த இடம். 1921இல் டென்மார்க் ஆய்வாளர் பவுல் நோர்லுண்ட் அங்கே அகழ்ந்தார். மரம் அரிதான நாடு அது. சவப்பெட்டி கிடைக்காத பலரை அன்றாடம் உடுத்திய கம்பளி உடையிலேயே சுற்றிப் புதைத்திருந்தார்கள். உறைந்த மண் அவற்றைக் காத்தது. துணிக்குள் செடிவேர்கள் ஊடுருவியிருந்தன. இன்று அந்த அங்கிகளில் பல கோபன்ஹேகன் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றை அளந்து வரைந்ததைத்தான் நான் தைக்கிறேன்.

*

முன்னுக்கு ஒரு துண்டு, பின்னுக்கு ஒரு துண்டு. இடுப்புக்குக் கீழே நடுவில் நேராகக் கீறி, அந்தப் பிளவில் நீண்ட முக்கோணத் துண்டுகளைச் செருகித் தைக்க வேண்டும். பக்கங்களிலும் அப்படியே. தோளில் அடக்கமாக இருக்கும் அங்கி, காலடியில் குடைபோல விரிவது இதனால்தான். கொசுவம் இல்லை, பட்டன் இல்லை, தலைவழியே மாட்டிக்கொள்வது.

வெட்டும்போது ஒரு முக்கோணத்தின் நுனி மேலே, அடுத்ததன் நுனி கீழே என்று மாற்றி மாற்றி அடுக்கினால் துணி அதிகம் வீணாவதில்லை.

*

அந்தக் குடியேறிகள் பெரும்பாலும் துணியை வாங்கவில்லை. ஆட்டு ரோமத்தைப் பிரித்து, முரட்டு மயிரைப் பாவுக்கும் மென்மையான உள்ரோமத்தை ஊடைக்கும் வைத்தார்கள். கதிரில் நூற்று, பாவுநூல்கள் கல் கட்டித் தொங்கும் நின்ற தறியில் நெய்தார்கள். கிரீன்லாந்து நெசவில் பாவைவிட ஊடை நெருக்கம். அது குளிருக்கு ஏற்ற அடர்த்தியான துணி. இவ்வளவு உழைப்பைக் கொண்ட துணியில் கத்தரி வைக்க யாருக்கு மனம் வரும்?

*

முக்கோணத்தின் உச்சி. அங்கே தையலுக்கு விடும் ஓரம் குறுகிக் குறுகி இரண்டு மூன்று இழையாகிவிடும். சாய்வாக வெட்டிய ஓரம் இழுத்தால் நீளும். அதனால் கம்பளி நூலை இறுக்காமல், தையலைச் சிறிதாக்கி, ஒவ்வொரு குத்திலும் விரலால் அடியைத் தடவிப் பார்த்து நகர்கிறேன். மனம் வேறெங்கோ போனால் அந்த இடத்தில் துணி சுருங்கிச் சொல்லிவிடும். சுருங்காமல் படிந்துவிட்டால், அங்கியின் கீழ்ப்பகுதி இழுக்கும் பாரத்தை அந்த மூலை தாங்கும்.

*

பழைய அங்கிகளின் விளிம்புகளில், வெளியே தெரியாதபடி உட்பக்கம் கூடுதலாக ஒரு வரிசை தையல் ஓடுகிறது. மடிப்பு உறுதியாக நிற்பதற்கும் தேய்மானம் தாங்குவதற்கும். யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தே போட்ட தையல் அது. அதைப் போடும்போது, அன்று இவற்றைத் தைத்த பெண்களிடம் எனக்கு மரியாதை கூடுகிறது.

*

உடம்புக்கேற்ற வடிவம் வெட்டிக் கழிப்பதால் வருகிறது என்று நினைத்துப் பழகியிருக்கிறோம். இந்த அங்கியில் வடிவம் வருவது சேர்ப்பதால். தைக்கத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: துணியை விரித்துவைத்து நிதானமாகப் பாருங்கள், எங்கே சேர்க்கலாம் என்று யோசித்து முடித்த பிறகே கத்தரியை எடுங்கள்.