வீழ்ச்சியற்ற பறப்பு: கைப்பிடியின் அறம் பற்றிய ஒரு நோக்கு

மனிதன் புரியும் செயலொன்று எப்போது அவனுடைய செயலாகின்றது என்னும் வினா மெய்யியலாளரை நெடுங்காலமாக ஈர்த்து வந்துள்ளது. கை அசைகின்றது, அவ்வசைவினால் உலகில் ஒரு மாற்றம் நிகழ்கின்றது, அம்மாற்றத்துக்குக் கையை உடையவன் பொறுப்பாளியாகின்றான். இவ்வெளிய விளக்கத்தைக் குழப்பத்துக்கு உள்ளாக்கிய கருவிகளுள் ஒன்று, கணினி விளையாட்டுக்களில் விமானத்தையும் விண்கலத்தையும் செலுத்தப் பயன்படும் ஜோய்ஸ்டிக் எனப்படும் கைப்பிடியாகும். அதனை முன்னே தள்ளினால் மூக்குத் தாழும். பின்னே இழுத்தால் உயரும். இதே கைப்பிடியை, இதே அசைவினைக் கொண்டு ஒருவன் விளையாடுகின்றான், மற்றொருவன் பயில்கின்றான், வேறொருவன் நூற்றுக்கணக்கானோரைக் கடல் கடந்து சுமந்து செல்கின்றான், இன்னுமொருவன் தான் கண்ணாற் காணாத தேசமொன்றில் உயிர்களைக் கொல்கின்றான். கையின் அசைவில் வேறுபாடில்லை எனின், வேறுபாடு எங்கே உள்ளது?

இவ்வினாவை வானத்தில் வைத்து ஆராய்வதினும் ஒரு மலையில் வைத்து ஆராய்தல் பயன்தரும். பசறையைக் கடந்து மேலேறும் பாதையின் அந்தத்தில் உள்ள மடுல்சீமை அதற்கு ஏற்ற இடமாகும். தேயிலைச் சரிவுகள் திடீரென முடிந்து, கீழே தாழ்நிலம் நெடுந்தூரம் விரியும் செங்குத்தான விளிம்பொன்று அதன் அருகே உண்டு. அதனைச் ‘சிறிய உலக முடிவு’ என அழைப்பர். மடுல்சீமைத் தோட்டமொன்றின் லயத்து அறையில், கணினியும் மலிவான கைப்பிடியொன்றும் கைவரப்பெற்ற இளைஞன் ஒருவனைக் கற்பனை செய்து பார்க்கலாம். மைக்ரோசொப்ட் நிறுவனம் 1982இல் முதன்முதலாக வெளியிட்ட பறப்பு விளையாட்டில் நிலம் சில கோடுகளாக மட்டுமே தோன்றியது. 2020இல் வெளிவந்த அதன் பதிப்போ செய்மதிப் படங்களைக் கொண்டு உலகம் முழுவதையும் திரையில் விரிக்கின்றது. அவ்விளைஞன் தன் சொந்த மலைக்கு மேலே பறக்கலாம், அவ்விளிம்பினின்று பள்ளத்துட் பாயலாம், மோதி நொறுங்கலாம். நொறுங்கிய பின் ஒரு பொத்தானை அழுத்த, விமானம் மீண்டும் ஓடுபாதையில் நிற்கும். மெய்யான விளிம்பில் நிற்பவனுக்கு அப்பொத்தான் இல்லை.

இது வெறும் பொழுதுபோக்கு, இதில் அறம் எங்கே வந்தது எனச் சிலர் வினவக்கூடும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது என்னும் பழமொழி அவர்களுக்குத் துணை நிற்கும். கைப்பிடியின் இயல்பை உற்று நோக்கினும் அவர்கள் பக்கம் ஓரளவு நியாயம் இருப்பதாகவே தோன்றும். சிறிய விமானமொன்றின் கட்டுப்பாட்டுக் கோலைப் பற்றும் விமானி உண்மையிற் காற்றையே பற்றுகின்றான். வேகம் மிகும்போது கோல் இறுகுகின்றது. வேகம் குன்றி விமானம் தூக்கு விசையை இழக்கும் நிலையை நெருங்குகையில் கோல் தொய்ந்து உயிரற்றதாகின்றது. அத்தொய்வே எச்சரிக்கை. கணினிக் கைப்பிடியிலோ உள்ளே இருப்பது ஒரு சுருள்வில். கைப்பிடி எவ்வளவு சாய்ந்தது என்பதை அளக்கும் ஒரு மின்தடை மாற்றி அல்லது காந்த உணரி. ஓடுபாதையில் நின்றாலும் முகிலுக்கு மேலே விரைந்தாலும் வில்லின் எதிர்ப்பு ஒன்றே. காலால் மிதிக்க வேண்டிய சுக்கானையும் பலர் கைப்பிடியை முறுக்கியே திருப்புகின்றனர். விண்வெளி விளையாட்டுக்களில் நிலைமை இன்னும் விசித்திரமானது. வெற்றிடத்தில் ஒருமுறை சுழலத் தொடங்கிய கலம், எதிர் உந்துகை கொடுக்கப்படும் வரை சுழன்றுகொண்டேயிருக்கும். பெரும்பாலான விளையாட்டுக்கள் இதனை ஆடுவோர் தாங்கமாட்டார் என்றெண்ணிப்போலும், விண்கலத்தையும் காற்றில் மிதக்கும் விமானம் போலவே நடத்துகின்றன.

ஆகவே அக்கைப்பிடி கைக்குப் பொய் சொல்கின்றது எனலாமா? கொழுந்து பறிக்கும் பெண்ணின் விரல்கள் இலையின் முற்றலையும் இளமையையும் கண்ணுக்கு முன்னரே அறிந்துவிடுகின்றன. மூடுபனியில் மலைப்பாதை வளைவொன்றைத் திருப்பும் பேருந்துச் சாரதியின் கைகள், சில்லு மண்ணில் இடறுவதைச் சுக்கானின் நடுக்கத்தாலேயே உணர்கின்றன. 2021 மார்ச் 20ஆம் நாள் லுணுகலையிலிருந்து கொழும்பு நோக்கிச் சென்ற பேருந்து பசறை 13ஆம் கட்டைப் பகுதியிற் பள்ளத்தில் வீழ்ந்து, பத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அப்பாதையில் நாள்தோறும் செல்வோருக்குச் சாரதியின் கை என்பது உயிர்நிலையான விடயம். பொருளின் எதிர்ப்பினாலேயே கை அறிவு பெறுகின்றது என்றால், எதிர்ப்பற்ற கைப்பிடியிற் பெறும் அறிவு போலி அறிவே என்று முடித்துவிடலாம்.

ஆனால் வரலாறு அம்முடிபுக்கு இடந்தரவில்லை. அமெரிக்காவில் ஓகன் இசைக்கருவி செய்யும் குடும்பத்திற் பிறந்த எட்வின் லிங்க் என்பவர், 1920களின் இறுதியில், அவ்விசைக்கருவியின் துருத்திகளைக் கொண்டே தரையை விட்டு எழாத ஒரு பறப்புப் பெட்டியை அமைத்தார். அதனைக் கேளிக்கைச் சந்தைகளின் விளையாட்டுப் பொருளாகவே பலரும் கருதினர். 1934இல் அமெரிக்க இராணுவ விமானிகள் விமானத் தபாலைச் சுமக்கும் பணியை ஏற்றபோது, மோசமான காலநிலையிற் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கப் பழகாமையால் அவர்களுட் பலர் சில வாரங்களுக்குள் உயிரிழந்தனர். அதன் பின்னரே இராணுவம் லிங்கின் பெட்டியை வாங்கியது. இன்றோ, அனுபவமுள்ள விமானி ஒருவர் புதிய வகை விமானமொன்றுக்கு மாறும்போது, பயிற்சி முழுவதையும் தரையிலுள்ள ஒத்திகை இயந்திரத்திலேயே முடித்து, அவ்வகை விமானத்தில் முதற்றடவையாகப் பயணிகளுடனேயே பறக்கவும் விதிகள் இடமளிக்கின்றன. வீழ்ந்தாற் சாவு என்னும் நிலையில் எவரும் வீழ்ச்சியைப் பயிலமுடியாது. விளைவு இல்லாமையே பயிற்சியைச் சாத்தியமாக்குகின்றது. மண்ணாற் செய்த துரோணரின் முன்னின்று வில் பயின்ற ஏகலைவனின் வித்தை போலியானதன்று என்பதற்கு, அவனிடம் கட்டை விரலைக் கேட்டமையே போதிய சான்று. போலி வித்தைக்கு எவரும் அத்தகைய விலை கேட்பதில்லை.

மேலும், மெய்யென்று கருதப்படும் விமானமே விளையாட்டுக் கைப்பிடியை நோக்கி நகர்ந்து வந்திருக்கின்றது. 1988இற் சேவைக்கு வந்த எயார்பஸ் ஏ320 விமானத்தில், விமானியின் பக்கவாட்டில் அமைந்த சிறு கைப்பிடியிலும் இருப்பது சுருள்வில்லே. காற்றின் எதிர்ப்பு அதனூடாகக் கையை வந்தடைவதில்லை. பதுளை மாவட்டத்துத் தோட்டங்களிலிருந்து வீட்டுப் பணிப்பெண்களாக வளைகுடா நாடுகளுக்குச் செல்லும் தாய்மார் பலர் இத்தகைய கைப்பிடிகளை நம்பியே கட்டுநாயக்காவில் விமானம் ஏறுகின்றனர். 2009 யூன் 1ஆம் நாள் அத்திலாந்திக் சமுத்திரத்தில் வீழ்ந்த ஏர் பிரான்ஸ் 447இல் இரு விமானிகளின் கைப்பிடிகளும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருக்கவில்லை. ஒருவர் தொடர்ந்து பின்னே இழுத்துக்கொண்டிருந்ததை அருகிலிருந்தவரின் கை உணர வாய்ப்பிருக்கவில்லை. 228 பேர் மாண்டனர். எனவே, கைக்குக் காற்று எட்டாமை விளையாட்டுக்கு மட்டுமே உரிய குறையன்று.

திரையைப் பார்த்து இயக்குதல் விளையாட்டு, சாளரத்தினூடே பார்த்து இயக்குதல் மெய் என்னும் வரையறையும் நிலைக்காது. 1997 யூன் 25ஆம் நாள், மிர் விண்வெளி நிலையத்தினுள் இருந்த வசிலி சிப்லியேவ், ஏறத்தாழ ஏழு தொன் நிறையுள்ள புரோகிரஸ் சரக்குக் கலத்தைத் தொலைக்காட்சித் திரையொன்றைப் பார்த்தவாறு இரு கைப்பிடிகளால் நிலையத்துடன் இணைக்க முயன்றார். தூரத்தையும் வேகத்தையும் அளந்து காட்டவேண்டிய ராடார் அம்முயற்சியின்போது நிறுத்தப்பட்டிருந்தது. திரையில் நிலையத்தின் உருவம் மெல்ல மெல்லப் பெருப்பதைக் கொண்டே அவர் யாவற்றையும் ஊகிக்க வேண்டியிருந்தது. கலம் ஸ்பெக்டர் பகுதியில் மோதி அதனைத் துளைத்தது. காற்று வெளியேறத் தொடங்கியது. உடனிருந்த அலெக்சாண்டர் லசுட்கினும் மைக்கேல் போலும் வாயிலூடாகச் சென்ற மின்கம்பிகளை அகற்றி அப்பகுதியை மூடியமையால் மூவரும் பிழைத்தனர். காட்சியளவில் இது முற்றாக ஒரு கணினி விளையாட்டே: இருக்கை, திரை, இரு கைப்பிடிகள். ஆயினும் அதனை விளையாட்டென்று கூற எவருக்கும் நாவெழாது. பழியின் பெரும்பகுதி முதலில் சிப்லியேவின் கையின் மீதே சுமத்தப்பட்டமையும், அக்கைக்குத் தூரத்தை அறியும் வழியை மறுத்தோர் தரையில் இருந்தமையும் தனியாக ஆராயத்தக்கவை.

நேர்மாறான உதாரணம் நமது மலைநாட்டிலேயே உண்டு. 1974 டிசம்பர் 4ஆம் நாள் இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகரை ஏற்றி வந்த மார்ட்டின்எயார் நிறுவனத்தின் டிசி-8 விமானம், கொழும்பில் இறங்க எத்தனிக்கையில், மஸ்கெலியாப் பகுதியின் சப்த கன்னியர் மலையில் மோதியது. விமானத்தில் இருந்த 191 பேரும் மாண்டனர். இயந்திரம் பழுதுற்றதால் நேர்ந்த விபத்தன்று அது. தாம் விமான நிலையத்தை நெருங்கிவிட்டோம் என விமானிகள் கொண்ட தவறான கணிப்பே அவர்களைப் பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறக்கியது. அவர்கள் கையிலிருந்த கோல் மெய்யானது, விமானமும் மெய்யானது, அவர்கள் பறந்த நிலப்பரப்போ மனத்திலும் கருவியிலும் மட்டுமே இருந்த ஒன்று. அந்நிலப்பரப்பில் மலை இருக்கவில்லை.

இங்குதான் வினாவின் மையம் தென்படுகின்றது. கருவி மெய்யா போலியா என்பதினும், அக்கருவி காட்டும் உலகில் எது விடுபட்டிருக்கின்றது என்பதே முதன்மையானது. கணினித் திரையில் விரியும் மடுல்சீமையில் மலை உண்டு, பாதை உண்டு, கணினி தானே ஊகித்து நிறுத்திய கட்டடங்களும் உண்டு. நிரையிற் கொழுந்து பறிப்போர் இல்லை. லயத்து வாசலில் விளையாடும் குழந்தை இல்லை. மோதினால் எவரும் இறப்பதில்லை என்பதன் காரணம் அங்கே எவரும் இல்லாமையே. ஆட்களற்ற மலையை மேலிருந்து நோக்குதல் கணினி கற்றுத்தந்த பழக்கமுமன்று. 1975இல் தோட்டங்கள் அரசுடைமையாக்கப்படும் வரை, இலண்டனில் பணிமனை கொண்ட ஸ்டேர்லிங் கம்பனிகளின் பணிப்பாளர்கள் இம்மலைகளை நிலப்படமாகவும் கணக்கேடாகவும் கண்டே நடத்தினர். அவர்கள் கையிலும் ஒருவகைக் கைப்பிடி இருந்தது; அது அசைந்தபோது இங்கே எவருடைய அரிசி குறைந்தது என்பதை அவர்கள் உணர வேண்டிய தேவை இருக்கவில்லை.

நெவாடாவின் படைத்தளத்தில் அமர்ந்து ஆப்கானிஸ்தான் வானில் பிரிடேட்டர் எனும் ஆளில்லா விமானங்களை இயக்கியோரின் நிலையும் இத்தொடர்பில் நோக்கத்தக்கது. அவர்களுக்கு உடல் ஆபத்து எதுவும் இருக்கவில்லை. பணி முடிந்து வீடு சென்று இராவுணவு உண்டனர். ஆபத்தே செயலை மெய்யாக்குகின்றது எனின், அவர்கள் செய்தது விளையாட்டாக வேண்டும். ஆனால் அவர்களுட் சிலர் மனவடுவுக்கு ஆளாகினர் என்பதை அமெரிக்க வான்படையின் ஆய்வுகளே வெளிப்படுத்தின. திரையின் மறுபுறத்தில் ஆள் இருந்தான் என்பதை அவர்களின் கை மறந்தாலும் மனம் மறக்கவில்லை.

இனி, விளையாட்டினாற் பெறும் திறன் மெய்யானது என ஒப்புக்கொண்டால், அத்திறனுக்கு எவ்வித வரம்பும் இல்லையா? இரண்டு நிகழ்ச்சிகள் இங்கு உதவும். 2009 சனவரி 15ஆம் நாள் நியூயோர்க்கின் ஹட்சன் ஆற்றில் இறக்கப்பட்ட ஏ320 விமானத்தின் இக்கட்டை, விசாரணையாளர் பின்னர் ஒத்திகை இயந்திரத்தில் விமானிகளைக் கொண்டு மீள நடத்தினர். பறவைகள் மோதிய கணமே திரும்பியோரிற் சிலர் விமான நிலையத்தை அடைந்தனர். நிகழ்ந்தது யாதென உணர்ந்து முடிவெடுப்பதற்கென 35 வினாடி தாமதம் சேர்க்கப்பட்டபோது அது இயலவில்லை. வருவதை முன்னறிந்தவனுக்கும் அறியாதவனுக்கும் இடையிலான தூரம் அந்த 35 வினாடிகள். எவ்வளவு சிறந்த கைப்பிடியும் அதனைத் தருவதில்லை. மற்றது துயரமானது. 2018 ஓகஸ்ட் 10ஆம் நாள் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் விமான நிலையத் தரைப் பணியாளர் ஒருவர், உரிமம் எதுவுமின்றி, வெறுமையான பயணிகள் விமானமொன்றை எடுத்துச் சென்று ஒரு மணித்தியாலத்துக்கும் மேலாகப் பறந்து, இறுதியில் தனியே மாண்டார். கணினி விளையாட்டுக்கள் மூலம் ஓரளவு அறிந்திருப்பதாக அவர் வானொலியிற் கூறினார். அக்கூற்று பொய்யன்று, அவர் பறந்தே காட்டினார். அவர் கற்றிருந்தது பறத்தலை. பறத்தலோடு சேர்த்து விமானிக்குக் கற்பிக்கப்படும் மற்றொன்று, அதாவது இன்று பறக்கலாகாது எனத் தன்னைத் தானே தடுத்தல், எந்த விளையாட்டின் நிரலிலும் இருப்பதில்லை.

ஆயினும் விளையாடுவோர் தாமாகவே அதனை உண்டாக்கிக்கொண்ட இடமொன்று உண்டு. 2001இல் தொடங்கப்பட்ட வாட்சிம் எனும் வலையமைப்பில், உலகெங்குமுள்ளோர் தத்தம் வீட்டுக் கணினிகளில் ஒரே பாவனை வானத்தைப் பகிர்ந்துகொள்கின்றனர். சிலர் பறக்கின்றனர், சிலர் ஊதியமின்றி வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளராக அமர்ந்து அவர்களுக்கு வழிகூறுகின்றனர். அங்கே அனுமதியின்றி ஓடுபாதையுள் நுழைபவனால் எவரும் இறப்பதில்லை. ஆனால் இரண்டு மணித்தியாலம் பொறுமையாகப் பறந்து வந்த வேறொருவரின் தரையிறக்கம் குலைகின்றது. அவர் எங்கோ ஒரு நாட்டில் மெய்யாகவே இருக்கின்றார், குரல் கேட்கின்றது. மடுல்சீமையின் லயத்து அறையிலிருந்து பறப்பவன், தன் முறை வரும்வரை கட்டுநாயக்காவின் பாவனை ஓடுபாதை அருகே காத்து நிற்கின்றான். மீண்டும் தொடங்கும் பொத்தான் அவனுக்கு எட்டும் தூரத்திலேயே உள்ளது. அதனை அழுத்தாமல், முன்னால் நிற்பவர் புறப்படும் வரை அவன் பொறுத்திருக்கின்றான்.