புது மாநிலமும் நம் தீர்ப்பும்

அறியாத மாநிலம் ஒன்றில் சில நாள் சுற்றிவிட்டு, "அங்குள்ளவர்கள் இப்படித்தான்" என்று தீர்ப்புக் கூற நமக்கு உரிமை உண்டா?

1982ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை, பேராக்கின் கிரிக்கிலிருந்து தித்திவங்சா மலைத்தொடரைக் கடந்து கிளந்தானின் ஜெலிக்குச் செல்கிறது. மோட்டார் வண்டியில் போவோர்க்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பாதை. சைக்கிளில் போகும் நமக்கோ ஒவ்வொரு மேட்டையும் முழங்கால் கணக்கிட்டுச் சொல்லும். யானை கடக்கும் இடம் என்ற பலகை நெஞ்சைத் துணுக்குறச் செய்யும்.

ஜெலியில் இறங்கித் தண்ணீர் கேட்கிறோம். "என்ன" என்பதற்கு நாம் கற்ற மலாய்ச் சொல் "ஆப்பா", அங்கே "கப்போ". ஞாயிறன்று அரசாங்க அலுவலகம் திறந்திருக்கிறது. ஓய்வு வெள்ளியும் சனியும். மொழியும் கிழமையும் பிசகியதாகத் தோன்றும். பிசகு ஏதுமில்லை, அங்கே புதியவர் நாமே.

தாகத்தோடு நிற்பவன் எவரையும் ஏளனம் செய்யான். ஆயினும், கிடைத்த ஒரு குவளைத் தண்ணீரைக் கொண்டு மாநிலம் முழுவதையும் புகழ்வதும் அவசரத் தீர்ப்பே. கண்டதைக் கண்ட அளவில் சொல்வோம். நம் ஊருக்கு வரும் அந்நியரிடம் நாம் எதிர்பார்க்கும் நீதியும் அதுதானே?