கூலி கொடுத்தவர் உடலையும் வாங்கினாரா?

சகோதர வியாபாரிகளே!

வாங்குவதும் விற்பதும் நமது தொழில். எந்தச் சரக்கை எடுத்தாலும் அதன் விலை என்ன, கழிவு என்ன, சேதாரம் என்ன என்று கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்கள் நாம். ஆனால் நமது பேரேட்டில் ஏறாத சேதாரம் ஒன்று உண்டு. அதைப் பற்றிச் சிறிது சிந்திக்கவே இக்கட்டுரை.

ஒரு ஞாயிறு மாலை ஜூரோங்கில் நண்பர் ஒருவரின் மளிகைக் கடையில் உட்கார்ந்திருந்தேன். முப்பது வயது மதிக்கத்தக்க தொழிலாளி ஒருவர் வந்து கோடாலித் தைலமும் வலி மாத்திரையும் கேட்டார். இடுப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டே நின்றார். "டாக்டரிடம் காட்டலாமே, தம்பி?" என்றார் நண்பர். "லீவு போட்டா முதலாளி முகம் மாறிடும், பாய். ஊருல கடன் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார் அவர். தைலம் விற்றது, லாபமும் வந்தது. அந்த இடுப்பு வலி மட்டும் என் மனத்தை விட்டு அகலவில்லை. அது அவருடைய விதியா? அஜாக்கிரதையா? அல்லது அவர் செய்யும் தொழில் அவருக்குக் கொடுத்ததா?

ஜூரோங்கின் சரித்திரமே இதற்கு ஓரளவு பதில் சொல்லும். 1961-ல் டாக்டர் கோ கெங் சுவீயின் முயற்சியால் சதுப்பு நிலத்தைத் தூர்த்து, குன்றுகளை வெட்டித் தொழிற்பேட்டை அமைக்கத் தொடங்கினார்கள். நாடு செழித்தது; நமது வியாபாரமும் செழித்தது. அதே ஜூரோங்கின் கப்பல் பட்டறையில் 1978 அக்டோபர் 12 அன்று 'ஸ்பைரோஸ்' என்ற கிரேக்க எண்ணெய்க் கப்பல் வெடித்து 76 பேர் மாண்டனர். எரிபொருள் தொட்டியில் கச்சா எண்ணெய் கலந்திருந்தது. இரும்பு வெட்டும் தீப்பொறி அதைப் பற்றவைத்தது. தொட்டியில் எந்த எண்ணெய் இருந்தது என்பது, கப்பலுக்குள் இறங்கி வேலை செய்த தொழிலாளியின் கையில் இருந்த காரியமன்று.

விபத்து கண்ணுக்குத் தெரியும். ஓசைப்படாமல் வரும் நோய் தெரிவதில்லை. 2020-ல் கொரோனா நோய் பரவியபோது ஏப்ரல் 5 அன்று ஜூரோங் கிழக்கின் தோ குவான் விடுதியும் பொங்கோல் விடுதி ஒன்றும் தனிமைப்படுத்தப்பட்டன. சுமார் 20,000 தொழிலாளர்கள் உள்ளே இருந்தனர். அவ்வாண்டு டிசம்பரில் அரசாங்கம் வெளியிட்ட கணக்கின்படி விடுதிவாசிகளில் நூற்றுக்கு 47 பேர், அதாவது சுமார் 152,000 பேர், அந்நோய்க்கு ஆளாகியிருந்தார்கள். விடுதிகளுக்கு வெளியே வாழ்ந்த பொதுமக்களிடம் நடத்திய சோதனையில் கிடைத்த விகிதமோ நூற்றுக்கு 0.25 தான். பெரும்பாலோர் வாலிபர்கள், நல்ல வைத்தியமும் கிடைத்தது, ஆகவே மாண்டவர் மிகச் சிலரே. ஆனாலும் ஒரே ஊர், ஒரே காற்று, ஒரே கிருமி! இவ்வளவு பெரிய வித்தியாசம் எதனால் வந்தது? ஓர் அறையில் எத்தனை கட்டில், ஒரு குளியலறைக்கு எத்தனை பேர் என்பதனால் அன்றோ? 2021-ல் வந்த விதி, புதிய விடுதிகளில் ஓர் அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது என்கிறது. அறைதான் காரணம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

"அவர்கள் விரும்பித்தானே வந்தார்கள்? ஊரில் கிடைப்பதைவிட இங்கே கூலி அதிகமல்லவா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஒருவர் தம் உழைப்பைத்தான் விற்க வந்தார். தம் முதுகெலும்பையும் நுரையீரலையும் விற்க வந்தவரல்லர். உடல் நமக்குத் தரப்பட்ட அமானிதம் என்று நம்புகிறவர்கள் நாம். அமானிதப் பொருளை வாங்கவும் முடியாது, விற்கவும் முடியாது.

இது விடுதித் தொழிலாளியோடு முடிந்துவிடும் விஷயமென்றும் எண்ண வேண்டாம். 1967-ல் லண்டனில் தொடங்கிய ஓர் ஆராய்ச்சி, அரசாங்க அலுவலகங்களில் பணி செய்த சுமார் 18,000 ஆண்களைப் பல ஆண்டுகள் கவனித்தது. அவர்களில் எவரும் பட்டினி கிடந்தவர்களல்லர். எல்லோருக்கும் இலவச வைத்தியம் இருந்தது. அப்படியிருந்தும் கடைநிலைச் சேவகர்கள் இருதய நோயால் மாண்ட விகிதம், மேல்நிலை அதிகாரிகளைவிட மும்மடங்குக்கும் அதிகம். இடைப்பட்ட உத்தியோகத்தினரின் நிலையும் இடைப்பட்டதாகவே இருந்தது. படிக்கட்டில் ஒவ்வொரு படி இறங்க இறங்க ஆயுளும் இறங்கியது. புகைப் பழக்கத்தையும் இரத்த அழுத்தத்தையும் கழித்துப் பார்த்தபோதும் அந்த வித்தியாசத்தின் பெரும்பகுதி மிஞ்சியது.

அந்தப் படிக்கட்டு நமது கடைகளிலும் இருக்கிறது. கல்லாவில் முதலாளி உட்கார்ந்திருக்கிறார். கணக்கப்பிள்ளைக்கு ஒரு நாற்காலி உண்டு. சிப்பந்தி நாள் முழுதும் நிற்கிறார். சாப்பாட்டுக் கடையின் பின்கட்டில் ஈரத்திலும் புகையிலும் பாத்திரம் கழுவுகிறவருக்கு மூச்சுவிடக்கூட நேரமில்லை. எப்போது உட்காரலாம், எப்போது சாப்பிடலாம், எப்போது வைத்தியரிடம் போகலாம் என்பதை அவர் தீர்மானிப்பதில்லை, நாம் தீர்மானிக்கிறோம்.

சட்டம் சும்மா இருக்கவில்லை. வேலை அனுமதிச் சீட்டில் உள்ளவருக்கு முதலாளி எடுக்க வேண்டிய வைத்தியக் காப்புறுதி, 2023 ஜூலை முதல் ஆண்டுக்கு 15,000 வெள்ளியிலிருந்து 60,000 வெள்ளியாக உயர்ந்தது. நல்ல காரியம். ஆனால் நோயை வாய்விட்டுச் சொல்லவே அஞ்சுகிறவருக்குக் காப்புறுதிச் சீட்டு எப்படி உதவும்? அந்த அச்சத்தை நீக்கும் அதிகாரம் முதலாளியிடம் இருக்கிறது.

ஆகவே சகோதரர்களே, பெரிய காரியம் ஒன்றும் கேட்கவில்லை. சிப்பந்திக்கு ஒரு நாற்காலி போடுங்கள். வைத்தியரிடம் போன நாளுக்குக் கூலியைப் பிடிக்காதீர்கள், முகத்தையும் மாற்றாதீர்கள். கடையைப் பழுதுபார்க்க ஒருவர் மற்றவரைவிட மிகக் குறைந்த தொகை சொன்னால், அந்தக் குறைவு யாருடைய உடம்பிலிருந்து கழிக்கப்படுகிறது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நிறுவையில் குறைப்பது பாவம் என்று அறிந்த நாம், தராசின் மறுதட்டில் மனித உடல் இருக்கும்போது மட்டும் பாராமுகமாக இருக்கலாமா?

அடுத்த ஞாயிறும் யாராவது இடுப்பைப் பிடித்துக்கொண்டு தைலம் கேட்டு வருவார். தைலத்தைக் கொடுப்போம். அவர் நமது கடையிலிருந்தே வந்தவராக இருக்கக்கூடாது என்பதை மட்டும் இன்றே உறுதி செய்துகொள்வோம்.